வந்து சென்றவரும் நிலைத்து நின்றவரும்

(தோ பாயோவில் ஆலயத் திருவிழாவையொட்டிப் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா என்றால் கொடியேற்றமும் அபிஷேகமும் அன்னதானமும் மட்டுமல்ல. சொற்பொழிவும் அதன் ஓர் அங்கம். வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். ஒரு மாலைப் பொழுது பேசுவார். ஊர் முழுவதும் கேட்கும். மறுநாள் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். தமிழ் மக்கள் இருக்கும் இடமெல்லாம் இம்மரபு தழைத்து வந்திருக்கிறது. கடல் கடந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்த பிறகும் அது அறுந்து போகவில்லை.

இந்த மரபின் புதிய கிளை ஒன்று இன்று பள்ளிக்கூடங்களுக்குள் படர்ந்திருக்கிறது. மாணவர்க்கு ஊக்கமூட்டுவதற்கென்றே பள்ளி பள்ளியாகச் செல்லும் பேச்சாளர்களைப் பற்றியதே இவ்வுரை. அவர்களுடைய வாழ்க்கை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றும். உள்ளே அது கடினமானது. காலையில் ஒரு பள்ளியின் மண்டபம், நண்பகலில் மற்றொரு பள்ளி, மாலையில் ஒரு சமூக மன்றம் என்று நாள் கழியும். ஓரிடத்தில் ஒலிபெருக்கி பழுதாகியிருக்கும். ஓரிடத்தில் மாணவர்கள் பசியோடு அமர்ந்திருப்பார்கள். மற்றோரிடத்தில் தேர்வு நெருங்கிய அச்சத்தில் எதுவும் காதில் ஏறாத நிலையில் இருப்பார்கள். ஒரு மணி நேரத்திற்குள் அறிமுகமே இல்லாத நூற்றுக்கணக்கான உள்ளங்களைத் தொட வேண்டும். தொட்டோமா இல்லையா என்பதை அறியும் வாய்ப்பில்லாமலே அடுத்த ஊருக்கு வண்டி ஏறவும் வேண்டும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. வந்தவர் சென்றுவிட்டார், கைதட்டல் அடங்கிவிட்டது, மண்டபத்து நாற்காலிகளும் அடுக்கி வைக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் நிற்பது எது? அது நிற்பதற்குப் பொறுப்பானவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு ஒருவருடைய வாழ்வை எண்ணிப் பார்ப்பது போதும். இக்காலத்தில் மாணவர்களை நாடி அவரைப்போல் ஓயாது பயணம் செய்த தமிழர் வேறொருவர் இல்லை என்றே சொல்லலாம். அவர்தான் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

கலாம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், சென்னை எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்வி நிலையத்திலும் பயின்றார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக விளங்கினார். 1997-இல் இந்தியாவின் மிக உயரிய விருதாகிய பாரத ரத்னா பெற்றார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆயின், பிறர் ஓய்வை நாடும் எழுபதாம் வயதில் அவர் மேற்கொண்ட முடிவே இங்கு நமக்கு வேண்டுவது. 2001-ஆம் ஆண்டு இறுதியில், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்னும் பெரும் பொறுப்பிலிருந்து விலகி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். ஓர் இலட்சம் மாணவரை நேரில் சந்திப்பது என்று தமக்குத் தாமே ஓர் இலக்கையும் வகுத்துக்கொண்டார்.

அந்தப் பயணங்கள் மலர்ப்பாதையாக இருக்கவில்லை. அதே 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஞ்சியிலிருந்து பொகாரோ நகருக்கு அவர் சென்ற ஹெலிகாப்டர், தரையிறங்கும் நேரத்தில் பழுதாகி விழுந்தது. உள்ளிருந்தவர்கள் உயிர் தப்பியதே வியப்பு. அவரோ, ஏற்கனவே குறித்திருந்த நிகழ்ச்சியை நிறுத்தாமல் அங்கே சென்று தம் கடமையை முடித்தார். இதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்கள், எத்தனையோ பள்ளிகள்! 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தபோதும் மாணவரைச் சந்திக்கும் வழக்கம் ஓயவில்லை. பதவிக் காலம் முடிந்த பின்னும் பல கல்வி நிலையங்களில் வருகைதரு பேராசிரியராக ஊர் ஊராகச் சென்றுகொண்டே இருந்தார்.

அன்பர்களே! இவ்வளவு பயணம் செய்த ஒருவர் மேடையில் என்ன செய்தார் என்பதை உற்று நோக்க வேண்டும். அவர் அடுக்குமொழி பேசியவர் அல்லர். குரலை உயர்த்தி அவையை ஆட்டிப் படைத்தவரும் அல்லர். இராமேசுவரத்துத் தமிழ் மணக்கும் ஆங்கிலத்தில் மெல்லப் பேசுவார். மூன்று செயல்களை மட்டும் விடாமல் செய்தார்.

முதலாவது, உறுதிமொழி. மாணவர்களை எழுந்து நிற்கச் செய்து, ஒவ்வொரு வரியையும் தாம் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பார். கேட்டுக்கொண்டிருந்த வாய் பேசத் தொடங்கிவிடும். பிறர் சொல் தன் சொல்லாகிவிடும்.

இரண்டாவது, கேள்வி நேரம். பேசும் நேரத்தைக் குறைத்தேனும் கேள்விக்கு இடம் கொடுப்பார். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் குஜராத் மாநிலத்து ஆனந்த் நகரில், நம் பகைவர் யார் என்னும் வினா எழுந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் வறுமையே நம் பகை என்றார். விண்கலம் செலுத்திய அறிஞர் அந்த விடையைக் கேட்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அவ்வாண்டு வெளிவந்த தம் நூலை அந்த மாணவிக்கே காணிக்கையாக்கினார். கற்பிக்கப் போனவர் கற்றுக்கொண்டு திரும்பினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதுதான் இவ்வுரையின் உயிர்நிலை. அவர் தம் வெற்றியைச் சொல்லும் இடங்களிலெல்லாம் வேறொருவர் பெயரைச் சொன்னார். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தபோது, செய்தியாளர் முன் அமர்ந்து தோல்வியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு வெற்றி கிட்டியபோது, செய்தியாளரிடம் பேசும்படி கலாமை அனுப்பி வைத்தவரும் அவரே. இந்நிகழ்ச்சியைக் கலாம் சென்ற இடமெல்லாம் சொன்னார். அதைவிட மிகுதியாக அவர் சொன்னது, இராமேசுவரம் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் அந்த ஆசிரியர் கரும்பலகையில் பறவையின் படத்தை வரைந்து, அது எவ்வாறு பறக்கிறது என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார்கள் பிள்ளைகள். அவர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் கண்ணெதிரே காட்டினார். தம் வாழ்வின் திசை அன்றைய மாலையில்தான் முடிவாயிற்று என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆசிரியர் வைதிக அந்தணர். ஒரு நாள் இந்த இஸ்லாமிய மாணவனைத் தம் இல்லத்திற்கு உணவருந்த அழைத்தார். தம் சமையலறையில் வைத்துப் பரிமாற மனைவியார் தயங்கியபோது, கடிந்துகொள்ளாமல் தம் கையாலேயே பரிமாறி, மாணவனின் அருகில் தாமும் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது அடுத்த வார இறுதியிலும் வரவேண்டும் என்றார். மாணவன் தயங்கினான், ஆசிரியர் விடவில்லை. மறுமுறை அந்த அம்மையாரே அவனை உள்ளே அழைத்துச் சென்று உணவிட்டார். ஒருநாள் பேசிவிட்டுப் போகிறவரால் ஆகக்கூடிய செயல் அன்று இது. அடுத்த வாரமும் அந்த ஊரிலேயே இருப்பவரால்தான் இது முடியும்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அதே வகுப்பில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், கோயில் அர்ச்சகர் மகனுக்கு அருகில் இஸ்லாமியச் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறுக்காமல், கலாமைப் பின் வரிசைக்குப் போகச் சொன்னார். நண்பன் கண்ணீர் விட்டான். செய்தி இராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரிகளுக்கு எட்டியது. அவர் அந்த ஆசிரியரை அழைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டு நீங்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஆசிரியர் மனம் திருந்தினார். கோயில் திருவிழா நடைபெறும் இவ்விடத்தில் இதை நினைவுகூர்வது மிகப் பொருத்தம். பின் வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளையை முன்னே கொண்டுவந்து அமர்த்தியவர் ஒரு கோயில் அர்ச்சகர்.

பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஐயாதுரை சாலமோன் என்னும் ஆசிரியர் வாய்த்தார். அவர் கிறித்துவர். ஆக, இந்து அந்தணர் ஒருவரும் கிறித்துவர் ஒருவரும் கற்பித்து வளர்த்த இஸ்லாமியப் பிள்ளையே பின்னாளில் நாட்டின் முதல் குடிமகனாக உயர்ந்தார். உலகம் சுற்றிப் பேசிய அவர், ஊரை விட்டு அகலாமல் உழைத்தவர்களின் பெயரைத்தான் உலகெங்கும் எடுத்துச் சென்றார். வந்து செல்பவரின் சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும். அது நிலைத்து நின்றவர்களின் செயலிலிருந்து வருகிறது.

இதனால் வந்து பேசுபவர் வேண்டியதில்லை என்று யாரும் கொள்ளலாகாது. பள்ளிகளில் நடைபெறும் இத்தகைய உரைகளால் பயனில்லை, ஒரு மணி நேரத்தில் யார் திருந்திவிடுவார் என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். பெற்றோர் நூறு முறை சொல்லியும் காதில் ஏறாத சொல், அயலார் ஒருவர் சொல்லும்போது சட்டென்று ஏறிவிடுகிறது. ஏன்? அந்த அயலாரிடம் மதிப்பெண் அட்டை இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அவர் ஒப்பிடுவதில்லை. போன ஆண்டு நடந்த தவற்றை அவர் நினைவுபடுத்துவதுமில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் இனிமேல்தான் வாழப்போகிறவர்கள். வீட்டில் உள்ளோர்க்கு வாய்க்காத அந்தப் புதிய பார்வைதான் வழிப்போக்கர் கொண்டு வரும் கொடை. ஆயினும் கொடுத்துவிட்டுப் போவது மட்டுமே அவரால் இயலும். காப்பாற்றுவது வீட்டில் உள்ளோர் வேலை.

ஆன்மிக மேடையிலும் இதைக் கண்டோர் உண்டு. காங்கேயநல்லூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சென்று முருகன் புகழ் பேசியவர்; சிங்கப்பூர், மலேசிய மண்ணிலும் அவர் சொல் ஒலித்தது. புராணச் சொற்பொழிவுக்கு நடுவே முன்வரிசைச் சிறுவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். விடை சொன்ன பிள்ளைக்குப் பரிசும் கொடுப்பார். அடுத்த நாள் அந்தச் சிறுவர்கள் கூட்டத்திற்கு முன்னதாகவே வந்து அமர்ந்துவிடுவார்கள். 1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனிலிருந்து திரும்பும் வழியில் விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. பயணமே வாழ்வாகக் கொண்டவருக்குப் பயணத்திலேயே முடிவு அமைந்தது.

கலாமுக்கும் அவ்வாறே அமைந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், எண்பத்து மூன்று வயதில், தில்லியிலிருந்து விமானத்தில் கௌஹாத்திக்கு வந்து, அங்கிருந்து இரண்டரை மணி நேரம் மலைப்பாதையில் காரில் ஷில்லாங் நகருக்குச் சென்றார். அங்குள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் மாணவர்களுக்கு, வாழத்தக்க பூமியை உருவாக்குவது பற்றி உரையாற்ற வேண்டும். வழியில், முன்னால் சென்ற பாதுகாப்பு வண்டியில் படைவீரர் ஒருவர் துப்பாக்கி ஏந்தி நின்றபடியே வந்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று கலாம் உடன் வந்தவரிடம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். கடமை கருதி வீரர் உட்காரவில்லை. ஊர் சேர்ந்ததும் அந்த வீரரை அழைத்து வரச் செய்து, கைகுலுக்கி, தம் பொருட்டு அவ்வளவு நேரம் நிற்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்து, ஏதேனும் உண்கிறீர்களா என்று கேட்டார். உடன் சென்ற உதவியாளர் இதைப் பின்னர் எழுதியிருக்கிறார். அதன்பின் மேடை ஏறிய கலாம், பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் சாய்ந்தார். அன்றே மறைந்தார். மூன்றாம் நாள் இராமேசுவரத்து மண் அவரை ஏற்றுக்கொண்டது. ஆயிரம் மேடைகளைவிட, நின்றுகொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றிய அந்தக் கவலையே அவர் விட்டுச் சென்ற பெரும்பாடம்.

இனி, நம் ஊருக்கு வருவோம்.

தோ பாயோ ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1960-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்பிய பிறகு, தீவின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் பெயர்ந்து வந்து வேர் பிடித்தன. அன்னை ஸ்ரீ வைராவிமட காளியம்மனின் ஆலயமும் நகருக்குள் இருந்த தன் பழைய இடத்தை விட்டு, 1980-களில் இங்கே பெயர்ந்து வந்ததே. வந்து சேர்ந்தவர்கள் நிலைத்து நின்றதால்தான் இது ஊராயிற்று.

இந்தியச் சமூகத்து மாணவர்களின் கல்வி நிலை பற்றிய கவலையால் 1991-இல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தோன்றியது. உழைப்போர் தம் மாதச் சம்பளத்திலிருந்து தரும் சிறு தொகைகளே அதன் துணைப்பாட வகுப்புகளுக்கு உரமாகின்றன. அவ்வகுப்புகளில் வாரந்தோறும் ஓர் ஆசிரியர் வந்து நிற்கிறார். அவருக்கு மாலை மரியாதை இல்லை. நாளேட்டில் படமும் இல்லை. பின்னம் புரியாத பிள்ளைக்கு மூன்றாம் முறையாகவும் நான்காம் முறையாகவும் அதையே சொல்லிக் கொடுக்கிறார். புரியவில்லை என்ற பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியரின் மரபு அவரிடம் வாழ்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர் தொடங்கி, விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகள் நம் பள்ளிகளில் நீக்கப்பட்டுவிட்டன. ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் ஆற்றலுக்கு ஏற்ற நிலையில் பயிலலாம் என்றாயிற்று. ஏட்டில் பெயர் நீங்கிவிட்டது, வரவேற்கத்தக்க மாற்றம். வீட்டுப் பேச்சில் அது நீங்கிவிட்டதா? உறவினர் கூடும் இடத்தில், இவன் அவ்வளவுதான் என்று ஒரு பிள்ளையின் காதுபட நாம் சொல்லும்போது, அவனைப் பின் வரிசைக்கு அனுப்பும் புதிய ஆசிரியராக நாமே மாறிவிடுகிறோம். அந்த நேரத்தில் ஓர் இலட்சுமண சாஸ்திரி வேண்டும். தாத்தாவோ பாட்டியோ, மாமாவோ அத்தையோ, கோயில் தொண்டரோ ஒருவர் குறுக்கிட்டு, பிள்ளையை முன்னே வந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு நல்ல உரையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் நாளில், பேச்சு நன்றாக இருந்ததா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நீ என்ன கேள்வி கேட்டாய், அல்லது என்ன கேட்க நினைத்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து, அன்றைக்குச் சொன்னாயே, அது என்னாயிற்று என்று மறுபடியும் கேளுங்கள். அந்த இரண்டாவது விசாரிப்பைப் பேச்சாளரால் செய்ய இயலாது. அவர் அப்போது வேறோர் ஊரில் இருப்பார்.

பள்ளி பள்ளியாகச் செல்லும் இளம் பேச்சாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் உரையில் பாதியைக் குறைத்துக் கேள்விக்குக் கொடுங்கள். மேடை ஏறுமுன் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரது நற்செயலைக் கேட்டறிந்து, அதை அவர் மாணவர் முன்னிலையில் சொல்லுங்கள். நீங்கள் சென்ற பிறகு, உங்கள் சொல்லைக் காக்கப் போகிறவர் அவரே.

மாணவச் செல்வங்களே! உங்களைத் தேடி வந்து பேசுபவரை மதித்துக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். நாள்தோறும் உங்களை எழுப்பி அனுப்புகிறவர், புரியாததை மறுபடியும் சொல்லித் தருகிறவர், உங்களுக்காகக் காத்து நிற்கிறவர் யார் என்று எண்ணுங்கள். என்றேனும் நீங்கள் ஒரு மேடையில் நிற்கும்போது, சொல்ல வேண்டிய பெயர்கள் அவைதாம்.

அன்னையின் திருவருளால், பின் வரிசை என்று ஒன்று இல்லாத வீடுகளும் பள்ளிகளும் பெருகுக!